உளி எண்ணாமல் கதவு திறக்காது

"அண்ணே, இவரக் கொஞ்சம் பாத்துக்குங்க. கீழ மரத்துல படம் வெட்டுற எடத்துக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, இஸ்திரிக்காரி சக்கர நாற்காலியைத் தூணோரம் நிறுத்தி, அதன் வேலை செய்கிற ஒரே பிரேக்கைக் காலால் அழுத்தினாள்.

"பெரியவரு வரலையாம்மா?"

"அவரு மரத்தோட மல்லுக்கட்டினது போதும். ஏதாவது கேட்டார்னா காது கேக்காத மாதிரி உக்காந்துக்குங்க. மூணு வருஷமா நான் அப்படித்தான் உக்காந்திருக்கேன்."

நாற்காலியில் இருந்தவர் அவளுடைய அப்பா. மரக்கிடங்கில் தடி ஏற்றி இறக்கியே முறுக்கேறிய உடம்பு. பக்கவாதம் அந்த உடம்பின் இடப்பக்கத்தை மட்டும் கொண்டுபோயிற்று. அடிக்கிற கையை விட்டுவைத்தது. வாய் கோணிப்போனதால் பேச்சு குழறும். வசவு மட்டும் பிசகாமல் வரும்.

"எங்கடி போற?"

"உன் மகனப் பாக்க."

"அவன் இங்கயா இருக்கான்?"

"கீழதான் இருக்கான். கத்தாத, இது மியூசியம்."

கூடத்தில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் வேறு ஊரில் நிற்க வேண்டும். ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. தங்க ஓர் அறையில் ஒரு கட்டில். மற்ற மூன்று கட்டில்களில் மூன்று பெண்கள். அந்த அறைக்குள் கிழவரைக் கொண்டுபோய் வைக்க முடியாது. இங்கேயே இருக்கவும் முடியாது. அவள் மேசை போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாடிப்படிக்குக் கீழே இப்போது மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் ஒருத்திக்கு வேலை தருகிறேன் என்று இன்னொருத்தன் வந்து நிற்கப் போவதில்லை. தம்பிக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனாள். ஆள் இல்லை என்று அவன் பெண்டாட்டி சொன்னபோது கதவுக்குப் பின்னால் அவன் இருமுவது கேட்டது. அப்போதுதான் அவளுக்கு இந்த யோசனை வந்தது. வேலை நேரத்தில், சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவளை அவன் என்ன செய்துவிடுவான்? ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது.

கீழ்த்தளத்து அறை வாசலில் நின்று வருகிறவர்களின் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தான் தம்பி. மை அப்பிய தோலாடை, நரை கலந்த தாடி. அவளைப் பார்த்ததும் அவன் கையில் சீட்டு பாதி கிழிந்து நின்றது. பிறகு மீதியையும் கிழித்தான்.

"வாங்க மேடம். காலியா இருக்கிற எடத்துல உக்காருங்க."

"என்னடா மேடம்?"

"பையை மேசைக்கு அடியில வைங்க, மேடம்."

நீள மேசையைச் சுற்றி ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். கல்யாணமான புதுசில் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டே இருக்கிற ஒரு ஜோடி. தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், எதைப் பார்த்தாலும் தலையாட்டிப் பாராட்டுகிறவர். தொப்பியைக் கழற்றாமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். ஒவ்வொருவர் முன்னாலும் உள்ளங்கையளவு மரப்பலகை, அதன்மேல் பென்சிலால் வரைந்த ஒரு மீன். பலகை நழுவாமல் இருக்க மேசை விளிம்பில் ஒரு முட்டுக்கட்டை. நடுவில் தட்டு நிறைய உளிகள். பிடியில் சிவப்புப் பெயின்ட் தடவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

தம்பி கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

"ஒரே ஒரு விதிதான்" என்றான், எல்லோரையும் பார்த்து, அவளை மட்டும் விட்டுவிட்டு. "உளியெல்லாம் தட்டுக்குத் திரும்பி வந்து, நான் எண்ணி முடிச்சப்புறம்தான் கதவு திறக்கும். போன வருஷம் ஒருத்தர் ஒரு உளியைச் சுருட்டிட்டுப் போய், மேல்மாடியில ஓவியத்தோட சட்டத்துல தன் பேரையும் காதலி பேரையும் செதுக்கிட்டாரு."

புதுமாப்பிள்ளை சிரித்தான். பெண் அவன் தொடையில் கிள்ளினாள்.

"எதை வெட்டி எடுக்கறீங்களோ அது வெள்ளையா இருக்கும். எதை விட்டுவைக்கறீங்களோ அதுலதான் மை ஒட்டும். அதனால மீனோட கோட்டை விட்டுட்டு சுத்தியிருக்கறத எடுங்க. எடுத்தத திருப்பி ஒட்ட முடியாது."

"அருமை" என்றார் கண்ணாடி அம்மாள்.

இஸ்திரிக்காரி ஒரு உளியை எடுத்துப் பலகையில் குத்தினாள். தம்பி மேசையைச் சுற்றி வர ஆரம்பித்தான். அதுதான் அவன் வேலை. ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்று, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர வேண்டும். அவளிடம் வந்தபோது குரலை உயர்த்திச் சொன்னான்:

"உளிக்கு முன்னாடி கைய வைக்காதீங்க, மேடம்." பிறகு குனிந்து, பல்லுக்கிடையில்: "எதுக்கு வந்த?"

"அப்பாவ விட்டுட்டுப் போக."

"எங்க இருக்கான்?"

"மேல. தூணோரத்துல."

அவன் முகத்தில் ரத்தம் சுண்டியது. "வந்த வழியே கூட்டிட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து, தொப்பிக்காரரிடம் போய், "கோடு நல்லா வருது சார்" என்றான்.

அவள் காத்திருந்தாள். மரத்தில் சுருள் சுருளாகச் சீவல் கிளம்பியது. பக்கத்தில் புதுப்பெண் தன் மீனுக்குச் செதில் செதிலாக வெட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வெட்டியதைப் பார்த்தால் செருப்பு மாதிரி இருந்தது. அடுத்த சுற்றில் தம்பி வந்தபோது அவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"திங்கக்கெழம எனக்கு வேலைக்குப் போகணும். வேற ஊரு. அங்க ஆம்பளைங்கள உள்ள விடமாட்டாங்க."

அவன் இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அது செவிட்டுக் காது. பதினேழு வயதில் அப்பா விட்ட ஓர் அறையில் போனது. அந்த வாரமே வீட்டைவிட்டுப் போனவன், கேட்க விரும்பாத பேச்சு வந்தால் இன்றைக்கும் அந்தக் காதைத்தான் நீட்டுவான்.

அவள் நாற்காலியை நகர்த்தி அவனுடைய வலப்பக்கம் வந்தாள். "இந்தப் பக்கம் கேக்கும்ல? திங்கக்கெழம. வேலை."

"உக்காந்து வெட்டுங்க மேடம், மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு."

"மூணு வருஷம் நான் வெச்சிருந்தேன். இனி நீ வெச்சுக்க."

"வெச்சிருன்னு நானா சொன்னேன்? ரோட்ல விட்டிருக்க வேண்டியதுதான."

"விடத்தான் வந்திருக்கேன். ரோட்டுக்கு பதிலா இங்க."

"அந்தாளு பேரை எடுத்தா எனக்கு சோறு எறங்காது."

"எறங்க வேணாம். அவருக்கு ஊட்டி விட்டா போதும், நீ பட்டினி கிட."

கண்ணாடி அம்மாள் அவர்களைப் பார்த்து, "என்ன, எதுவும் சந்தேகமா?" என்றார் பரிவோடு.

"ஆமாங்க. எதை வெட்டறது எதை விடறதுன்னு" என்றாள் இஸ்திரிக்காரி.

தம்பி மூச்சை இழுத்துக்கொண்டு நகர்ந்தான். அடுத்த சுற்றுக்கு அவள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவனே விறுவிறுவென்று வந்தான். அவளுடைய பலகையைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு பேசினான்.

"உன்ன அடிக்கல அவன். அதனால உனக்குத் தெரியாது."

"உன்ன அடிக்கறப்ப குறுக்க விழுந்தது யாருடா? அப்ப விழுந்ததெல்லாம் என் முதுகுல இல்லாம பக்கத்து வீட்டுக்காரி முதுகுலயா விழுந்துச்சு?"

"கொஞ்சம் முன்னாடியே குறுக்க விழுந்திருக்கலாம்."

முப்பது வருஷத்துக்குப் பிறகு, ஒரு செவிட்டுக் காதை அவள் கணக்கில் எழுதுகிறான். வாயில் வந்ததை விழுங்கினாள். சொல்லியிருந்தால் அறை முழுக்கக் கேட்டிருக்கும்.

"உங்க மீனுக்குக் கண்ணு போயிடுச்சு, மேடம்" என்று பலகையைத் திருப்பிக் கொடுத்தான். நிஜமாகவே போயிருந்தது. பேச்சு மும்முரத்தில் கண்ணைத் தோண்டி எடுத்திருந்தாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. காவலாளி லிப்ட் வழியாகக் கிழவரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். "மன்னிச்சிடுங்க சார். இந்தம்மாவத்தான் கேட்டு ஒரே ரகளை. போறவங்க வர்றவங்கள எல்லாம் கெட்ட வார்த்தையில திட்டுறாரு. மேல ஒரு பள்ளிக்கூடமே வந்திருக்கு சார்."

தம்பி கதவைப் பிடித்தபடி நின்றான். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தாடி வெச்சிருக்க" என்றார் கிழவர்.

"பெரியவர அந்தப் பக்கம் விடுங்க" என்றான் தம்பி, காவலாளியிடம்.

"பெரியவராம்ல" என்றார் கிழவர், கோணல் வாயால் காற்றுப் போகச் சிரித்து.

காவலாளி அவரை மகளுக்குப் பக்கத்தில், மேசையோடு ஒட்டி நிறுத்திவிட்டுப் போனான். தாழ் மறுபடி விழுந்தது. "உங்க அப்பாவா? பாவம்" என்றார் கண்ணாடி அம்மாள். "யாரு பாவம்?" என்று கேட்டாள் இஸ்திரிக்காரி. அந்த அம்மாள் தன் மீனின் மேல் குனிந்துகொண்டார்.

தொப்பிக்காரர் கையைத் தூக்கினார். "எனக்குக் கொஞ்சம் அவசரம். அச்சு எடுக்காட்டியும் பரவாயில்ல. நான் கிளம்பட்டுமா?"

"முடியாது சார். உளியெல்லாம் வந்து சேந்து, எண்ணினாத்தான் கதவு. அதுவரைக்கும் யாரையும் வெளிய விட மாட்டேன்."

கிழவர் தலையைத் தூக்கினார். "என்னங்கிறான்? எண்ணாம கதவத் திறக்க மாட்டானாமா?"

"ஆமா. சும்மா இரு."

"கிடங்கு மாதிரி" என்றார். அதன்பின் நிஜமாகவே சும்மா இருந்தார். அதை அவள் கவனித்திருக்க வேண்டும். கிழவர் சும்மா இருப்பது நல்லதுக்கில்லை. ஆனால் அவள் கவனமெல்லாம் தம்பி மேல் இருந்தது.

உளிகளைத் தட்டில் போடச் சொல்லிவிட்டு அவன் மை உருளையை ஒவ்வொருவரிடமும் கொடுத்தான். பலகையில் கறுப்பு மை ஏறியது. மேலே தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். சின்னச் சின்ன வட்டமாக, தாள் இம்மியும் நகராமல்.

இஸ்திரிக்காரி கரண்டியைப் பிடித்ததும் அவள் தோள் தன் பாட்டுக்கு முன்னே சாய்ந்தது. இடது கை தாளின் ஓரத்தை இழுத்துப் பிடித்தது, வலது கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீளமாக ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. சட்டையின் முதுகுப்பக்கம் அப்படித்தான் சுருக்கம் போகும். தாள் ஒவ்வொரு இழுப்புக்கும் நகர்ந்தது. தூக்கிப் பார்த்தபோது ஒரு மீன்மேல் இன்னொரு மீன் ஏறிக் கிடந்தது. இரண்டுக்கும் கண் இல்லை.

"எல்லாரும் இங்க பாருங்க" என்று தம்பி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினான். "இப்படித் தேய்க்கக் கூடாது. மேடம் இஸ்திரி போட்டிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வஞ்சகமில்லாத சிரிப்புதான். ஆனால் அவனுடையதில் வஞ்சகம் இருந்தது, அவளுக்குத் தெரிந்தது.

"அந்த இஸ்திரியிலதான் சில பேரோட பள்ளிக்கூடச் சட்டை சுருக்கமில்லாம போச்சு" என்றாள். சிரிப்பு அங்கங்கே நின்றது. அவன் தாளைக் கொண்டுபோய்க் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினான்.

பிறகு உளிகளை எண்ணினான். இன்னொரு தரம் எண்ணினான். ஒன்று குறைந்தது.

மேசைக்கு அடியில் தேடினார்கள். சீவல்களைக் கையால் அளைந்தார்கள். தொப்பிக்காரர், "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஆரம்பித்து, எது தெரியும் என்று சொல்லாமலே விட்டார். மாப்பிள்ளையைக் கண்ணாடி அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன, சட்டத்துல பேரு செதுக்கப் போறேன்னு நினைக்கறீங்களா?" என்று அவன் எரிந்து விழுந்தான். "நான் ஒண்ணுமே சொல்லலையேப்பா." "கண்ணு சொல்லுதே." தொப்பிக்காரர் போய்த் தாழை ஆட்டிப் பார்த்தார். தம்பி அவர் கையைப் பிடித்து எடுத்தான். கொஞ்சம் பலமாகவே எடுத்தான்.

விதிப்படி தம்பி போன் செய்ய, மேலாளர் அம்மாள் இறங்கி வந்தாள். இளவயசுதான். குரலில் மட்டும் ஒரு கட்டடத்தையே சுமக்கிற சலிப்பு. "மறுபடியுமா?" என்றாள் அவனிடம். அந்த ஒரு வார்த்தையில் அவன் தோள் இறங்கியதை அக்கா பார்த்தாள். இவனும் ஒரு நூலில்தான் தொங்குகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன, அவளுக்கு அந்த நூல்கூட இல்லை.

"எல்லார் பையையும் திறந்து பாருங்க" என்றாள் மேலாளர்.

புதுஜோடியின் பை, கண்ணாடி அம்மாளின் கைப்பை, தொப்பிக்காரரின் தோல்பை. கடைசியாக மேசைக்கு அடியிலிருந்த பெரிய பை. தம்பி அதைத் தொடவில்லை.

"அது வேணாம் மேடம்" என்றான்.

"ஏன்? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அவன் அக்காவைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பை மூடியே கிடக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை. பார்க்கலாம், சொல்கிறானா என்று நின்றாள்.

"இல்ல" என்றான்.

"அப்ப திறங்க."

அவன் பையைத் தூக்கி மேசைமேல் வைத்து ஜிப்பை இழுத்தான். முதலில் வேட்டிகள் வந்தன, கத்தி மாதிரி மடிப்போடு. அப்புறம் நாலு சட்டை. அடியில் போடுகிற ரப்பர் விரிப்பு. பெரியவர்களுக்குக் கட்டுகிற நாப்கின் இரண்டு பொட்டலம். மூக்கு வைத்த பிளாஸ்டிக் கோப்பை, சவரக்கத்தி, மாத்திரை அட்டைகள், ஒரு ஜோடிச் செருப்பு. செருப்பில் இடது கால் தேயாமல் புதுசாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மை படாத இடம் பார்த்து வைத்தான். உளி இல்லை.

"எங்கயாவது பயணமா?" என்று கேட்டாள் மேலாளர்.

"நான் போறேன். இது என்னுது இல்ல. இவருது."

"இவரு எங்க போறாரு?"

"மகன் வீட்டுக்கு."

"மகன் எங்க?"

"உங்ககிட்ட சம்பளம் வாங்கிட்டு, என் பைக்குள்ள கைய விட்டுட்டு நிக்கிறாரே, அவருதான்."

பாராட்டிக்கொண்டே இருந்த கண்ணாடி அம்மாளின் தலையும் ஆடாமல் நின்றது. பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, பெத்த அப்பாவை இப்படி விட்டுட்டுப் போறதுக்குன்னே கூட்டிட்டு வந்தீங்களா? மனசு எப்படி வருது?"

"நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள் இஸ்திரிக்காரி. "துணி எல்லாம் இஸ்திரி போட்டிருக்கேன். நல்லாச் சாப்பிடுவாரு. காலையில பின்னாடி கழுவி விடணும், ராத்திரி ரெண்டு தடவ புரட்டிப் போடணும். கைக்கு எட்டுற தூரத்துல நின்னீங்கன்னா அறை விழும், அதனால இடப்பக்கமா நின்னே கழுவணும். பழகிடும். நான் பழகிட்டேன்."

கண்ணாடி அம்மாள் தன் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

கிழவர் சிரித்தார். கிர் கிர் என்று தொண்டைக்குள் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு காட்டினாள். நாற்காலியின் கால்மிதியில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. மை இல்லை. மை கறுப்பு.

இஸ்திரிக்காரிக்கு அந்தக் கணத்தில் கிடங்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறாள். தடி இழுக்கிற இரும்புக் கொக்கிகளைச் சாயங்காலம் வாசலில் எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் லாரிக்குக் கேட் திறக்கும். கங்காணியோடு தகராறு தீராத நாளில் யாராவது ஒருத்தன் ஒரு கொக்கியைப் பிருஷ்டத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வான். பேசி முடிகிறவரைக்கும் லாரி நகராது. பெரும்பாலும் உட்கார்ந்தவர் அப்பாவாகத்தான் இருப்பார். அந்தக் கொக்கிகள் முனை மழுங்கியவை, உளி அப்படியில்லை. அதோடு அன்றைக்கு அவருடைய இரண்டு தொடையிலும் உணர்ச்சி இருந்தது.

"எழுப்புடா அவர" என்றாள். "உளி மேல உக்காந்திருக்காரு."

தம்பி அசையவில்லை.

"நான் ஒத்தையில தூக்கினா இன்னும் உள்ள எறங்கும். வா. வலப்பக்கம் வராத, கை இருக்கு. இந்தப் பக்கம் வா. கக்கத்துல கைய விடு. கக்கத்துலடா, சட்டையப் புடிக்காத. செத்த பக்கம் கனக்கும், தொடைய முட்டுக் குடு."

அவன் வந்தான். பலகையை மட்டும் புரட்டிப் பழகிய கை, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறியது. முதல் தூக்கில் கிழவர் ஒரு பக்கமாகச் சரிந்து அவன் தாடியில் முகம் இடித்தார். வலது கை மேலே வந்தது. அறையத்தான் என்று நினைத்து அவன் கண்ணை மூடினான். கை அவன் தோலாடைப் பட்டையைப் பிடித்துக்கொண்டது, விழாமல் இருக்க. அவள் குனிந்து தொடைக்கு அடியிலிருந்து உளியை எடுத்தாள். நுனி ஒரு கட்டைவிரல் நகத்தளவுக்கு இறங்கியிருந்தது. வேட்டி ஒட்டிப் போயிருந்தது.

"ஏன் எடுத்த?" என்று கேட்டாள், புதுப்பெண் நீட்டிய துப்பட்டாவை வேண்டாம் என்று தள்ளி, பையிலிருந்த வேட்டி ஒன்றைக் கிழித்துக் கட்டியபடி.

"பேசி முடிக்காம எவனும் போகக் கூடாது" என்றார் கிழவர். குழறல்தான், ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. "மூட்டை எறக்கறவன்கூட, எங்க வைக்கட்டும்னு ஒரு வார்த்தை கேட்பான்டி. தூணோரத்துல வெச்சுட்டு வந்துட்ட."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"எவன் வீட்டுக்கும் வரலன்னு சொல்லுவேன்."

"அதனாலதான் கேக்கல."

மேலாளர் உளியை ஒரு தாளில் சுற்றித் தட்டில் வைத்தாள். "மத்தவங்க போகலாம்" என்று கதவைத் திறந்துவிட்டாள். தொப்பிக்காரர் முதல் ஆளாகப் போனார். புதுஜோடி மீனைக்கூட எடுக்காமல் போனது. மேலாளர் தம்பியிடம் சொன்னாள்: "குடும்ப விஷயம் எனக்கு வேணாம். ஆனா வந்த பார்வையாளர் ஒருத்தர இங்க விட்டுட்டுப் போனா நான் போலீஸத்தான் கூப்பிடணும். அப்ப உங்க பேருதான் எழுதுவாங்க." அவள் செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று.

மூன்று பேரும் மிஞ்சினார்கள்.

"திட்டம் போட்டுத்தான் வந்திருக்க" என்றான் தம்பி.

"ஆமா."

"என் வேலையில மண்ணள்ளிப் போட்டுட்ட."

"என் வேலையில மண்ணு விழாம இருக்கணும்ல."

"இவன் என் வீட்டுக்குள்ள வந்தா நான் இவனக் கொன்னாலும் கொன்னுடுவேன்."

"கொல்லு. மாத்திரை செலவு மிச்சம்."

கிழவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகனிடம், "காது கேக்குதாடா?" என்றார்.

"ஒண்ணு கேக்குது. இன்னொண்ணைத்தான் நீ எடுத்துக்கிட்டியே."

"அப்ப அந்தக் காதுப் பக்கமா என்னப் படுக்கப் போடு. நான் கத்தறது கேக்காது."

அவன் முகத்தில் வந்தது சிரிப்பு இல்லை. அடிபட்டவன் அடித்தவனைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்கிற பார்வை. மேசையில் பரப்பிக் கிடந்த மாத்திரை அட்டைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது எப்ப?" என்றான்.

"காலையில. சாப்பாட்டுக்கு முன்னாடி. வெள்ளை அட்டை ராத்திரிக்கு."

"விழுங்குவானா?"

"நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டுத் துப்புவாரு. வாயத் திறக்கச் சொல்லிப் பாரு. விரல உள்ள விடாத, கடிப்பாரு."

"புண்ணுக்கு?"

"போற வழியில ஆஸ்பத்திரியில காட்டி ஊசி போட்டுடு. உணர்ச்சி இல்லாத பக்கம், சீழ் புடிச்சாலும் சொல்லத் தெரியாது. நீதான் தினம் திருப்பிப் பாக்கணும்."

"ஒரு மாசம்" என்றான். "அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

"ஒரு மாசத்துக்கு அப்புறமும் எனக்கு அங்க ஒரு கட்டில்தான்" என்றாள். சட்டைகளை மறுபடி மடித்துப் பையில் வைத்தாள். அவன் எடுத்துப் போட்டதில் மடிப்பு கலைந்திருந்தது. உள்ளங்கையால் ஒரு தடவு தடவிச் சரிசெய்தாள். ஜிப்பை இழுத்து, பையை அவன் பக்கம் தள்ளினாள். அப்பாவின் முன்னால் போய் நின்றாள், கைக்கு எட்டாத தூரத்தில்.

"போறேன்."

"போடி" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் கூடத்தைத் தாண்டி வெளிவாசலுக்கு வந்தபோது பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டு, தோலாடையோடு. நாற்காலியைக் காவலாளியிடம் விட்டிருந்தான். கிழவர் அங்கிருந்து காவலாளியின் வம்சத்தை விசாரிப்பது இங்கேவரை கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்" என்றான். "இந்த மாதிரி வெறி புடிச்சுக் கத்த ஆரம்பிச்சா நீ என்ன பண்ணுவ?"

"வாசலுக்குப் போயிடுவேன். அங்க நின்னு இஸ்திரி போடுவேன். கத்தி முடிச்சப்புறம் உள்ள போவேன்."

"என் வீடு மூணாவது மாடி. வாசல்னு எதுவும் கிடையாது. வெளிய காலெடுத்து வெச்சா படிக்கட்டு."

"படிக்கட்டுல உக்காந்துக்க" என்றாள். பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து இறங்கி நடந்தாள்.